தலைமுடி சொல்லும் சாட்சி

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று வேலந்தாவளத்தை அடைபவர், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் அடியெடுத்து வைக்கிறார். வடகரப்பதி ஊராட்சி அந்த எல்லையோரத்தில் அமைந்தது. முன்னர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த சித்தூர், 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் 1956-இல் கேரளத்திலும் அடங்கிற்று. ஆட்சிகள் மாறினும் அங்கே பல இல்லங்களில் வழங்கும் மொழி தமிழே. எல்லைக்கு மேற்கே தென்னங்கள் இறக்குதல் உரிமம் பெற்று நடக்கும் தொழில். கிழக்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லையில் நிற்கும் அதிகாரி வண்டியையும் மூட்டையையும் சோதிக்கலாம். ஆனால் சென்ற மாதங்களில் ஒருவர் உட்கொண்டது யாதென்பதை மூட்டை சொல்லாது. அதைத் தலைமுடி சொல்லும் என்கிறது விஞ்ஞானம். அச்சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை அதன் வரலாற்றின் வழியே காண்போம்.

இவ்வறிவு முதலில் பிறந்தது போதைப் பொருளைத் தேடியன்று, நஞ்சைத் தேடியே. பாஷாணத்தால் கொலைகள் மலிந்திருந்த காலத்தில், 1836-இல் ஆங்கிலேய இரசாயன நிபுணர் ஜேம்ஸ் மார்ஷ் அதனைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். 1849-இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் ஏற்பட்டது. இந்தியாவில் இத்தகைய அலுவலகங்களுள் அதுவே முதலாவது. அந்நாளில் கோயம்புத்தூரும் பாலக்காடும் சென்னை இராஜதானியில் இருந்தன. பெர்லின் வைத்தியர் காஸ்பர், புதைத்துப் பதினோராண்டு கழிந்த உடலின் தலைமுடியில் பாஷாணத்தைக் கண்ட செய்தியை 1858-இல் எழுதினார். உடல் அழிந்தபின்னும் முடி தன் செய்தியைக் காத்து வைத்திருந்தது!

முடியில் போதைப் பொருளைத் தேடும் முறை 1979-இல் வலுப்பெற்றது. அவ்வாண்டு அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழுவினர், அபின் வகைகளை உட்கொண்டோரின் முடியில் அதன் தடயத்தைக் கண்டு வெளியிட்டனர். அதன் அடிப்படை எளிது. மயிர்க்காலுக்கு உணவூட்டுவது இரத்தம். இரத்தத்தில் கலந்த பொருளின் நுண்ணிய பங்கு, வளரும் முடிக்குள் சென்று தங்குகிறது. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். ஆகவே தோலையொட்டிய 3 சென்டிமீட்டர் ஏறக்குறைய மூன்று மாதத்து நாட்குறிப்பாகும். சிறுநீர்ச் சோதனையோ பெரும்பாலான பொருள்களுக்குச் சில நாட்களையே காட்டும். ஆனால் நேற்று உட்கொண்டதை முடி காட்டாது. அப்பகுதி இன்னும் தோலுக்கு வெளியே வந்திராது. அதற்குச் சிறுநீரும் இரத்தமுமே வேண்டும்.

முடியை உச்சியின் பின்புறத்தில், தோலையொட்டி, பென்சில் பருமன் அளவுக்கு வெட்டி எடுப்பர். வேர்ப்பக்கம் எதுவெனக் குறிப்பர். வெளியே ஒட்டிய தூசும் புகையும் நீங்கக் கழுவிய பின்னரே ஆய்வர். உடல் அப்பொருளைச் செரித்தபின் உண்டாகும் வேறொரு பொருளும் அதில் உள்ளதா என்று தேடுவர். இருப்பின், கையால் தொட்டதன்று, உட்கொண்டதே என்னும் முடிவு வலுப்பெறும். மதுவுக்கும் இவ்வாறே. மது உட்கொண்டபின் உடலில் உண்டாகும் எத்தில் குளுக்குரோனைடு, ஒரு மில்லிகிராம் முடியில் 30 பிகோகிராமுக்கு மேற்பட்டால் அளவு மீறிய குடி என வல்லுநர் கருதுவர்.

இனி இச்சாட்சியின் குறைகளையும் பார்ப்போம். பழனிக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தியவரிடம் நாட்குறிப்பே இல்லை. உடலின் பிற இடத்து முடியை எடுக்கலாம். அதன் வளர்ச்சி வேறு ஆதலால் காலத்தைத் திட்டமாகக் கூற இயலாது. முடியை வெளுப்பதும் சாயமிடுவதும் தடயத்தைக் குறைக்கும். மற்றொன்று நம்மவர்க்கு முக்கியமானது. முடிக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறப்பொருள், கொக்கேயின் போன்றவற்றை மிகுதியாகப் பற்றிக்கொள்கிறது. ஒரே அளவு உட்கொண்ட இருவருள் கருங்கூந்தல் உடையவர் முடியில் அளவு கூடித் தோன்றலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கறுப்பினக் காவலர்கள் இதனை எதிர்த்து வழக்காடினர். முடிச்சோதனை ஒன்றை மட்டும் கொண்டு பணிநீக்கம் செய்யலாகாது எனக் கூறி, மாசசூசெட்ஸ் அரசுப்பணி ஆணையம் 2013-இல் அறுவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொல்லிற்று.

நெப்போலியன் கதையும் இதற்குத் துணை நிற்கும். அவர் முடியில் பாஷாணம் மிகுந்திருந்ததாக 1961-இல் ஓர் ஆய்வு வெளிவர, நஞ்சூட்டப்பட்டார் என்று பலர் நம்பினர். 2008-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் அவருடைய சிறுவயது முடியையும், அவர் காலத்துப் பிறர் முடியையும் சோதித்தனர்; எல்லாவற்றிலும் பாஷாணம் அதேபோல மிகுந்திருந்தது. அளந்தது பிழையன்று; அளவிலிருந்து கதை கட்டியதே பிழை.

நம் நாட்டில் போதைப் பொருளை உட்கொள்வதே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி குற்றம். கைதானவரின் முடி மாதிரியை மருத்துவர் வாயிலாக எடுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 2020-இல் பெங்களூரில் திரையுலகத்தார் சிலர்மீது பதிவான வழக்கில் முடி மாதிரிகள் ஐதராபாத்துக்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. அறிக்கை மறு ஆண்டே வந்தது. அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெறுவாராயின், உட்கொண்டதற்காகவும் சிற்றளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. இதனை அறிந்தோர் சிலரே.

ஆய்வறிக்கைகளில் வரும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைத் தமிழாக்குங்கால் ‘பொருள் காணப்பட்டது’ என்றே நாம் எழுத வேண்டும்; ‘குற்றவாளி’ என்று எழுதலாகாது. பிற மாநிலங்களில் உழைத்து வாழும் நம்மவர்க்கு வேலையும் நற்பெயருமே முதல். சோதனைக்கு முடி கேட்கப்பட்டால், எங்கிருந்து வெட்டினர், கழுவினரா, இரண்டாம் முறையால் உறுதி செய்தனரா என்று வினவுதல் வேண்டும். அறிக்கையின் படியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். முடி பொய் சொல்வதில்லை. அதனைப் படிப்பவர் தவறலாம். எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்த பின்னரே தீர்ப்பு எழுத வேண்டும்.