ஹாக்மனே இரவின் சீர்வரிசை

ஸ்காட்லாந்துப் பரிசுக்கூடை என்றாலே விஸ்கிப் புட்டியில்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வைக்க வேண்டியது ஒரு துண்டு நிலக்கரி.

டிசம்பர் 31 இரவை அங்கே ஹாக்மனே என்பார்கள். நள்ளிரவு மணி அடித்தபின் வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் கறுத்த முடியுள்ள, உயரமான ஆணாக இருந்தால் ஆண்டு முழுதும் நன்மை என்பது நம்பிக்கை. அவர் வெறுங்கையோடு வரக் கூடாது. அடுப்பு அணையாதிருக்கக் கரி. கூடவே உப்பு, ஷார்ட்பிரெட் என்ற பிஸ்கட், பிளாக் பன் என்ற கேக், விஸ்கி.

புத்தாண்டுக்கு ஏன் இத்தனை சிறப்பு? மதச் சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்துத் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை வெறுத்தது. 1640இல் நாடாளுமன்றம் அந்த விடுமுறையையே ஒழித்தது. கிறிஸ்துமஸ் நாள் அங்கே பொது விடுமுறையானது 1958இல்தான்! குளிர்காலத்தின் குதூகலமெல்லாம் புத்தாண்டின் பக்கம் ஒதுங்கியது.

பிளாக் பன்னும் அப்படி இடம் மாறியதுதான். ஜனவரி தொடக்கத்தில் வரும் பன்னிரண்டாம் இரவுக்கு உரியதாக இருந்தது, பிறகு ஹாக்மனேவுக்கு வந்து சேர்ந்தது. உலர்திராட்சை, இஞ்சி, பட்டை, மிளகு எல்லாம் அடர்ந்த கேக்கை மாவுறைக்குள் மூடிச் சுடுவார்கள். சில வாரம் வைத்திருந்தால்தான் ருசி ஊறும். ஷார்ட்பிரெட்டுக்கு அந்தப் பொறுமை வேண்டாம்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. வெண்ணெய் விலையுயர்ந்திருந்த காலத்தில் அது விசேஷப் பண்டம்.

கூடையில் இடம் போதாவிட்டால் விஸ்கியை எடுத்துவிடுங்கள். பிளாக் பன்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.