மெழுகில் நிற்கும் மெட்டுகள்

கிதாரில் தேய்ந்த ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிது அடிப்பார்கள். என் வீணையில் நான் மெழுகை இளக்குகிறேன்.

தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீணையின் ஃப்ரெட்டுகளான மெட்டுகள் 24 ஆக நிலைபெற்றன என்பது மரபு. அதற்குமுன் ராகத்துக்கேற்ப மெட்டை நகர்த்தும் வீணைகளும் இருந்தன. நிலைபெற்ற பிறகும் மெட்டை மரத்தில் அறையவில்லை. கரித்தூள் குழைத்த தேன்மெழுகில் பதித்தார்கள். எவ்வளவு தொலைநோக்கான முடிவு! கம்பி உரசி மெட்டில் பள்ளம் விழுந்தால் அரம் போட்டுச் சமன்செய்யலாம். வெயிலில் மெழுகு இளகிச் சுருதி விலகினால், சூடுகாட்டி, ஸ்வரத்தைக் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி மறுபடி உட்காரவைக்கலாம். இதுதான் மேளம் கட்டுதல்.

வீணை கற்பிப்பவர்களே, வாசிப்போடு இதையும் சொல்லிக்கொடுங்கள்.