இளவரசு என்னுஞ் சொல்

கொங்குநாட்டில் நொய்யலாறு சிங்காநல்லூரை அடையுமுன் பாயும் பழம்பதி பேரூர். அங்குள்ள சாந்தலிங்கர் திருமடத்தின் தலைவர் சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இளைய பட்டமாய் விளங்கிய மருதாசல அடிகளார் அவருக்குப்பின் அம்மடத்துத் தலைமையை ஏற்றார். பேரூரில் இளைய பட்டமென வழங்குவதனைத் திருவாவடுதுறையிற் சின்னப் பட்டமென்றும், திருப்பனந்தாட் காசிமடத்தில் இளவரசு என்றும் வழங்குவர். இவற்றுள் இளவரசு என்பதன் பொருள் ஈண்டு ஆராயத்தக்கது.

அரசு என்னுஞ் சொல் ஆட்சியையும் ஆள்வோரையும் ஒருங்கே குறிக்கும். திருநாவுக்கரசு என்னுந் திருப்பெயரில் அது ஆள்வோரைக் குறித்து நின்றது. இளமை என்பதோ ஈண்டு வயதைக் குறித்ததன்று. குருவின்கீழ் நிற்கும் நிலையைக் குறித்ததாகும். அரசர் குடியில் உரிமை பிறப்பால் வருவது. ஆயினும் முதல் இராசேந்திரன் தன் மைந்தன் இராசாதிராசனுக்கு 1018-லேயே முடிசூட்டித் தன்னுடன் ஆளச் செய்தான். துறவோர் மடத்திற் பிறப்புரிமைக்கு இடமே இல்லை. குருவின் நியமனமே உரிமையாம்.

சின்னப் பட்டம் வெறும் பெயரளவினதன்று. 19-ஆம் நூற்றாண்டில் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் திருவாவடுதுறையில் தலைமை தாங்கியபோது, சின்னப் பட்டமாகிய நமசிவாய தேசிகர் கல்லிடைக்குறிச்சி மடத்தில் எழுந்தருளியிருந்தமை உ. வே. சாமிநாதையர் எழுத்துக்களால் அறியப்படும்.

இனி, இளவரசாக நியமித்த ஒருவரைக் குரு தம் விருப்பப்படி நீக்கலாமோ என்பது வினா. காசிமடத்தில் இந்நியமனம் மரணசாசனத்தின் வாயிலாகச் செய்யப்பட்டது. மரணசாசனம் எழுதியவர் இறந்த பின்னரே பயன்தருவது, அதுகாறும் மாற்றத்தக்கது. ஆதலின் நியமனமும் அத்தகையதே என வாதிக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1973-இல் அம்மன்றம், சாசனம் நியமனத்தை வெளியிடும் முறை மாத்திரமே. நியமனம் அப்பொழுதே பயன்தந்து, நியமனம் பெற்றவர்க்கு ஒரு நிலையை அளிக்கின்றது. தக்க காரணமின்றி அதனை நீக்குதல் இயலாது எனத் தெளிவித்தது.

ஆகவே இளவரசு என்பது வருங்காலத்தில் ஒன்றை எதிர்நோக்கியிருப்பான் ஒருவனுக்குப் பெயரன்று. இப்பொழுதே எய்திய நிலைக்குப் பெயர். வாரிசு என்னுஞ் சொல் இறந்தார் பொருளை நோக்கி எழுவது. இளவரசு என்பதோ உள்ள குருவை நோக்கி நிற்பது. அந்நிலையைச் சீடன் தானாக உரிமை கோரிப் பெறுதல் இல்லை. அளித்த குருவும் காரணமின்றிக் கவர்தல் இல்லை. இவ்விரண்டும் காக்கப்படும்போதே குருமரபு இடையறாது செல்லும்.