செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு பூட்டு

திண்டுக்கல்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிறது ரெண்டு விஷயம்: பிரியாணி, பூட்டு. பிரியாணி பத்தி எழுதாத பதிவரே கிடையாது. பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. இதுவும் பூட்டு பத்தின பதிவுதான். ஆனா நாகல்நகர்ப் பூட்டு இல்லை, நம்ம உடம்புக்குள்ள இருக்கிற பூட்டு. பொட்டி தட்டுறவனுக்கு உயிரியல் எதுக்குன்னு முறைக்காதீங்க, படிச்சுப் பார்த்தா நம்ம வேலை மாதிரியே இருக்கு :-)

குடலோட உள்பக்கம் செல்கள் ஓட்டுக்கூரை ஓடு மாதிரி நெருக்கமா அடுக்கியிருக்கும். குடல்ல இருக்கிற கண்டதும் அந்த இடுக்கு வழியா ரத்தத்துக்குள்ள போயிடக் கூடாது இல்லையா? 1963ல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, பக்கத்துப் பக்கத்து செல்களோட சவ்வுகள் மேல்பக்கத்தில் இறுக்கிப் பிடிச்சிருக்கிற இடத்தை விவரமா எழுதினாங்க. அதுக்குப் பேர் டைட் ஜங்ஷன். பூட்டு இருக்கிற இடம் தெரிஞ்சுது. எந்தப் புரதத்தால செஞ்சதுன்னு மட்டும் தெரியலை.

அதைத் தேட உதவினது ஆன்டிபாடி. உடம்புக்குள்ள வெளிப்பொருள் வந்தா, அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் பிடிச்சுக்கிற புரதம் இது. 1975ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை எவ்வளவு வேணும்னாலும் தயாரிக்க வழி கண்டுபிடிச்சாங்க. காப்புரிமை வாங்கலை. 1984ல் நோபல் பரிசு வந்தது.

இந்த முறையை வெச்சு ஸ்டீவன்சன், குட்இனஃப் குழுவினர் எலி ஈரல்ல இருந்து செல் சந்திப்புகளைப் பிரிச்சு, அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிச்சாங்க. ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தா செல்களைச் சுத்தி கோழிக்கூண்டு வலை மாதிரி கோடு! இப்படி 1986ல் கிடைச்ச முதல் டைட் ஜங்ஷன் புரதம்தான் இசட்ஓ-1. அந்த ஆன்டிபாடியைச் சுரக்கிற செல்லை அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஹைபிரிடோமா வங்கியில் கொடுத்துட்டாங்க. எந்த நாட்டு ஆய்வகமும் அங்கே வாங்கிக்கலாம். நம்ம ஓப்பன் சோர்ஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

ஆனா இசட்ஓ-1 இருக்கிறது செல்லுக்கு உள்பக்கம். பூட்டைப் பிடிச்சிருக்கிற கொண்டி மாதிரி. பூட்டு எங்கே? ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிடாவோட குழு கோழி ஈரலை வெச்சுத் தேடி, 1993ல் சவ்வுக்குள்ளேயே இருக்கிற ஒரு புரதத்தைப் பிடிச்சது. மூடுறதுங்கிற லத்தீன் சொல்லை வெச்சு ஆக்லூடின்னு பேர் வெச்சாங்க. ஆன்டிபாடி போட்டா சரியா அந்த இடத்திலேயே ஒளிருது. கதை முடிஞ்சுதுன்னுதானே நினைப்பீங்க?

அவங்க அதோட நிறுத்தலை. சந்தேகப்படுற வரியை கமெண்ட் பண்ணிட்டு புரோகிராமை ஓட்டிப் பார்ப்போமே, அதே வேலையைச் செஞ்சாங்க. ஆக்லூடின் மரபணுவை நீக்கிட்டு செல்லை வளர்த்தாங்க. 1998ல் வந்த பதில்: டைட் ஜங்ஷன் அப்பவும் உருவாகுது! தாங்களே பேர் வெச்ச பூட்டு அசல் பூட்டு இல்லைன்னு அவங்களே வெளியிட்டாங்க.

அதே வருஷம், அதே கோழி ஈரல்ல திரும்பத் தேடி கிளாடின்-1, கிளாடின்-2 ரெண்டையும் கண்டுபிடிச்சாங்க. இதுவும் லத்தீன்ல மூடுறதுதான். டைட் ஜங்ஷனே இல்லாத செல்லுக்குள்ள கிளாடினைச் செலுத்தினா, அந்த இழைகள் புதுசா உருவாச்சு. 2002ல் கிளாடின்-1 இல்லாம பிறந்த எலிக்குட்டிகள் தோல் வழியா நீர் வத்தி ஒரே நாளில் செத்துப்போச்சு. மனுஷங்களுக்கு கிளாடின்-16 பழுதானா சிறுநீர்ல மெக்னீசியம் வீணாகுது. பூட்டுல இருபதுக்கும் மேல வகை, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கலவை.

சுகிடா 2005ல் காலமானார். எனக்கு அவர்கிட்ட பிடிச்சது கிளாடினைக் கண்டுபிடிச்சதை விட, ஆக்லூடினைச் சோதிச்சதுதான். ஒரு ஆன்டிபாடி ஒளிர்ந்தா, அந்தப் புரதம் அங்கே இருக்குன்னு தெரியும். அது என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும்னா எடுத்துட்டுத்தான் பார்க்கணும்.

டிஸ்கி: உயிரியல் படிச்ச பதிவர்கள் யாராவது இன்னும் விரிவா எழுதினா புண்ணியமா போகும்.