ஆறடிக் கட்டிலும் பத்தடி அறையும்

திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கட்டில் வாங்கப் போனோம். சிம்பாங் அம்பாட் கடைவரிசையில் ஒரு சீனர் கடை. தவுக்கே என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. "குயீனா, கிங்கா?"

"கிங்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாழ்நாளில் ஒரு முறை வாங்குவது, பெரிதாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். அருகில் நின்ற அம்மா கேட்டார்: "ரூம்பு எத்தன அடிடா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் பதினாறு வருடமாகத் தூங்குகிறேன், அளந்ததில்லை. "அளக்காம வந்து நிக்கிறியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தவுக்கே சிரித்தபடி டேப்பை எடுத்துக் கொடுத்து, அளந்துவிட்டு வாருங்கள் என்றார். அன்று கட்டில் வாங்காமலே வீடு திரும்பினோம்.

அறை பத்தடிக்குப் பத்தடி. தரையில் குந்தி டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க லயத்து வீடே இவ்ளோதான். பின்னால ஒரு அடுப்படி, முன்னால அஞ்சடி. எட்டுப் பேரு."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியது.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கட்டில், மெத்தை எல்லாவற்றுக்கும் நீளம் ஒன்றுதான்: ஆறடி மூன்று அங்குலம், அதாவது 190 சென்டிமீட்டர். பிரிட்டனின் வழக்கமான டபுள் கட்டிலுக்கும் இதே நீளம்தான். அகலம் மட்டும் மாறும். சிங்கிள் மூன்றடி, சூப்பர் சிங்கிள் மூன்றரை, குயீன் ஐந்து, கிங் ஆறு. இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மெத்தை விரிப்பு வாங்கி வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்தியக் குயீன் பெரும்பாலும் ஆறரை அடி நீளம், அமெரிக்கக் குயீன் ஆறடி எட்டு அங்குலம். பெயர் ஒன்று, நீளம் வேறு.

பெயரை மறந்துவிட்டு அகலத்தை இரண்டால் வகுத்துப் பார்ப்பது நல்லது. கிங் கட்டிலில் ஒருவருக்கு மூன்றடி கிடைக்கிறது. ஆளுக்கொரு சிங்கிள் கட்டில் போல. குயீனில் இரண்டரை அடி. பிரிட்டிஷ் டபுள் கட்டிலின் அகலம் நாலரை அடி, ஆளுக்கு இரண்டேகால். ஏறக்குறைய ஒரு குழந்தைத் தொட்டில் மெத்தையின் அகலம். அதில்தான் ஒரு தலைமுறை ஆங்கிலேயத் தம்பதிகள் தூங்கினார்கள். பிறகு நீளத்துக்கு ஒரு கணக்கு: படுப்பவரின் உயரத்தைவிட அரைச் சாண் அளவாவது அதிகம் இருக்க வேண்டும். நான் ஐந்தடி ஏழு. பிழைத்தேன்.

பெரிய கட்டில் தமிழுக்குப் புதிதில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் வர்ணிக்கும் இடம் பலருக்கும் நினைவிருக்கும். நாற்பது வயது நிரம்பி, போரில் விழுந்த யானையின் தந்தத்தால் இழைத்த வட்டக் கட்டில். அதன்மேல் துணையோடு கூடிய அன்னங்களின் தூவி பரப்பிய மெத்தை. அவ்வளவு பெரிய கட்டிலில் அவள் தனியாக இருக்கிறாள். கணவன் பாசறையில். தமிழ் இலக்கியத்தின் மிகவும் பகட்டான கட்டிலில் ஒரு பாதி காலி. கல்லூரியில் இதைப் படித்தபோது அரசியின் துயரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது யோசித்தால், எங்கள் ஆட்களின் கதையும் அங்கிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

மலாயாவின் ரப்பர்க் கதை மலாக்காவோடு நெருக்கமானது. 1896இல் தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பிறகு புக்கிட் அசஹான். அதன்பின் மலாக்கா எங்கும் கித்தாக் காடு பரவியது. பால் வெட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1901 கணக்கெடுப்பில் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. முப்பது வருடம் கழித்து, 1931இலும் அந்த எண்ணிக்கை ஐந்நூறைத் தொடவில்லை. ஒரு பாதி இங்கே பாயிலும் இன்னொரு பாதி ஊரில் இன்னொரு பாயிலுமாகத் தூங்கிய காலம் அது. பாண்டிமாதேவிக்காவது பாடுவதற்கு ஒரு நக்கீரர் இருந்தார்.

லயங்கள் ஆள் கணக்குப் பார்த்துக் கட்டப்பட்டவை. ஓர் அறைக்கு எத்தனை ஆள் என்பதுதான் கேள்வி. அந்த ஆட்களுக்குள் யார் யாருக்குப் புருஷன் பெண்டாட்டி என்பது கட்டியவர்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. இலங்கை மலையகத்தில் லய அறைக்குப் 'பத்துக்குப் பன்னிரண்டு' என்றே பெயர். நம் தோட்டங்களிலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதாவது நூற்றிருபது சதுர அடி.

இதைக் கவனியுங்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன. இரண்டாவது அறை 9.3, மற்றவை 6.5. பதினொரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு. தாமான் வீட்டில் ஓர் அறைக்குக் குறைந்தபட்சம் என்று சட்டம் வைத்திருக்கும் அளவுக்குள்தான் ஒரு குடும்பம் முழுக்கப் பிள்ளை பெற்று வளர்த்தது. என் அறை பத்துக்குப் பத்து, அதாவது 9.3 சதுர மீட்டர். இரண்டாவது அறைக்கான அளவை ஒரு அங்குலம்கூடத் தாண்டாமல் கட்டியிருக்கிறார்கள்.

"எட்டுப் பேரும் எப்படிம்மா படுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆம்பளைங்க அஞ்சடியில. தாத்தாவுக்குப் பலகைக் கட்டிலு. நாங்க பொம்பளப் பிள்ளைங்க வரிசையா பாயில. அண்ணனுக்குக் கல்யாணமானதும் குறுக்க ஒரு சேலையக் கட்டி அந்தப் பக்கம் வுட்டுட்டோம்."

"மெத்தை?"

"ஒன்னு இருந்துச்சு. கெக்காபு தீலாம். யாருக்காச்சும் பிள்ளை பொறந்தா அவங்களுக்கு."

கெக்காபு என்று அம்மா சொல்வது இலவம் பஞ்சு. கம்பத்துப் பக்கம் மரம் இருக்கும், மலாய்க்காரர்களிடம் வாங்கித் திணித்துத் தைத்துக்கொள்வார்களாம். இலவு காத்த கிளி என்று நாம் பழமொழி சொல்கிறோமே, அதே வகை மரம். கிளிக்குப் பசி ஆறவில்லை என்றாலும் மனிதருக்கு மெத்தை கிடைத்தது. ஆனால் நாளாக ஆக இலவம் பஞ்சு அமுங்கிக் கட்டி கட்டியாகிவிடும். வாரம் ஒரு முறை வெயிலில் போட்டு அடித்து உலுப்ப வேண்டும்.

மறுநாள் மீண்டும் கடைக்குப் போனபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. தவுக்கே எங்களைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போய் இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையைக் காட்டினார். நூறு சதவீதம் இயற்கை லேட்டக்ஸ். உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சணையைக் காட்டினார். அம்மா குனிந்து முகர்ந்தார்.

"டேய், இது பாலுடா."

பால்தான். அம்மா பதினாறு வயதிலிருந்து வெட்டிய அதே கித்தாப் பால். மரத்திலிருந்து மங்கில் வடியும் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அமோனியா சேர்த்து உறையாமல் காத்து, இயந்திரத்தில் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து அறுபது சதவீதமாக்குவார்கள். அதைச் சோப்போடு அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, உறைய வைத்து, நீராவியில் வேக வைத்தால் மெத்தை. 1929இல் பர்மிங்ஹாமில் டன்லப் நிறுவனத்தின் இ. ஏ. மர்ஃபி கண்டுபிடித்த முறை இது. மனைவியின் சமையலறையில் முட்டை அடிக்கும் கருவியை எடுத்துப் பாலை நுரைக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. டன்லப்பில்லோ என்ற பெயரே டன்லப்பிலிருந்துதான் வந்தது. அந்த டன்லப் 1910 முதலே மலாயாவில் ரப்பர் நிலம் வாங்கத் தொடங்கியிருந்தது.

அந்த ஆண்டுகளை லயத்தோடு சேர்த்துப் பாருங்கள். விடியாத இருட்டில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் மரமாக ஓடிப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் படுத்தது பாயில். அந்தப் பாலில் ஒரு பகுதி கடல் தாண்டிப் போய் யாரோ ஒருவரின் முதுகுக்கு மெத்தையானது. தோட்ட வரலாற்றைக் கூலி, வேலைநிறுத்தம், துண்டாடல் என்று எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியதுதான். தூக்கத்தின் வரலாற்றை நாம் எழுதவில்லை. யார் எங்கே படுத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு சேலை மறைப்பு எத்தனை வருடம் போதுமானதாக இருந்தது என்பதெல்லாம் எந்தத் தோட்டப் பதிவேட்டிலும் இருக்காது. அம்மாக்களிடம்தான் இருக்கிறது.

நான் சற்று உணர்ச்சிவசப்பட்டு, "ஒனக்கு ஒரு சிங்கிள் இதுலயே வாங்கித் தரேம்மா" என்றேன்.

"போடா. இந்த வாடையில படுத்தா பிரட்டுக்கு நேரமாச்சுன்னு நாலு மணிக்கு முழிப்பு வந்துரும்."

தவுக்கேவுக்கு மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் ஒரு எச்சரிக்கை சொன்னார்: லேட்டக்ஸ் மெத்தையை வெயிலில் காய வைக்கவே கூடாது. அம்மா அதற்கும் தலையாட்டினார். "கித்தா வெயில்ல கெடந்தா பிசுபிசுத்துப் போயிரும், தெரியாதா?" இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து, ரப்பருக்கு வெயில் எமன். லேட்டக்ஸ் வாங்குபவர்கள் அடியில் காற்றுப் போகிற மாதிரி சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட கட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். எடையும் அதிகம். விரிப்பு மாற்ற ஒற்றை ஆளால் தூக்க முடியாது.

இனி அளவுக்கு வருகிறேன். பத்தடி அகலத்தில் அலமாரிக்கு இரண்டடி போய்விடும். மிச்சம் எட்டு. கிங் ஆறடி என்றால் இரண்டடி பாக்கி. அந்த இரண்டடியையும் அலமாரிக் கதவு திறக்க விட்டே ஆக வேண்டும். அப்படியானால் கட்டிலின் மறுபக்கம் சுவரோடு ஒட்டிவிடும். என் வருங்கால மனைவி சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்வாள், என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அம்மா விடவில்லை. "உள்ள படுக்கிறவ ராத்திரியில எழும்பணும்னா ஒன்னத் தாண்டித்தான் வரணும். நான் எந்தக் காலத்துலயும் வாசப்பக்கம்தான் படுத்தேன், ஏன் தெரியுமா? மொதல்ல எழும்பறவ நான்தான். பிரட்டுக்கு முன்னால சோறாக்கணும். எல்லாரையும் தாண்டித் தாண்டி எழும்புனா யாருக்கும் தூக்கம் இருக்காது. ரெண்டு பேருக்கும் எறங்க வழி இருக்கணும்."

கட்டில் வாங்குவது பற்றி நான் படித்த எந்த வழிகாட்டியிலும் இதைவிடத் தெளிவான விதி இல்லை. இரண்டு பேர் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இறங்க வழி வேண்டும். ஐந்தடிக் குயீன் என்றால் மூன்றடி மிச்சம். அலமாரிப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் ஓரடி. நெருக்கம்தான், ஆனால் கால் வைத்து இறங்கலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு லோரியில் பதினைந்து இருபது இரும்புக் கட்டில்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் தங்கும் விடுதிக்கு என்றார் தவுக்கே. 2020இல் வந்த விதிகள்படி தொழிலாளி ஒருவருக்கு 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டில், நான்கு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை கொடுக்க வேண்டும். மூன்றடிக்கு ஆறேகால் அடி என்று கணக்குப் போட்டால் அந்த 1.7க்குச் சற்று மேலே வரும். அதாவது ஒரு சிங்கிள். எங்கள் தாத்தாக்களுக்குக் கிடைக்காத மெத்தை இன்றைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருபவருக்குச் சட்டத்திலாவது இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டம் அளந்து கொடுப்பது ஒற்றைக் கட்டிலை மட்டும்தான். இன்னொரு பாதி இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

மறுவாரம் வருங்கால மனைவியையும் அழைத்துப் போனேன். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடை நடுவில் கூச்சத்தோடு பத்து நிமிடம் மல்லாந்து கிடந்தோம். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு ஆட்டம் தெரிகிறதா என்று பார்த்தோம். கடைசியில் குயீன் அளவில், பை பையாகப் பிரித்த சுருள்வில் மெத்தை. மேலே இரண்டு அங்குலம் லேட்டக்ஸ். முழு லேட்டக்ஸ் எங்கள் கைக்கு எட்டவில்லை. அம்மா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கட்டில் வந்து இறங்கிய அன்று, ஆட்கள் மாட்டிவிட்டுப் போனதும் அம்மா அறைக்குள் வந்தார். உட்காரவில்லை. அலமாரிப் பக்கமாக நடந்து போனார். திரும்பி வந்து, மறுபக்கத்து ஓரடி இடைவெளியில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய்ப் பார்த்தார்.

"ம்ம்... எறங்கலாம்" என்றார்.