மடக்கு மிதிவண்டியின் கியர் அமைப்பு

மடக்கு மிதிவண்டி என்பது சட்டகத்தில் கீல்கள் அமைத்து, மடித்துச் சிறு பொதியாக எடுத்துச் செல்லத்தக்கவாறு வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். பெரும்பாலானவற்றின் சக்கரங்கள் 16 அல்லது 20 அங்குல அளவுடையவை. சக்கரம் சிறுத்தால் பற்சக்கரங்களின் விகிதமும் மாற வேண்டும். இதைக் கவனியாது சாதாரண மிதிவண்டியின் பற்சக்கரங்களைப் பொருத்தினாலும் வண்டி ஓடும். ஆனால் கால்கள் ஓயாது சுழன்றும் தொலைவு குறையாது.

கணக்கு

மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி கடக்கும் தொலைவை எளிதில் கணிக்கலாம்:

தொலைவு = சக்கரச் சுற்றளவு × முன் பற்சக்கரத்தின் பற்கள் ÷ பின் பற்சக்கரத்தின் பற்கள்

28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் கிடைக்கும். அதே பற்சக்கரங்களை 1.32 மீட்டர் சுற்றளவுள்ள 16 அங்குலச் சக்கரத்தில் இட்டால் 3.2 மீட்டரே கிடைக்கும். நிமிடத்திற்கு 60 முறை மிதிப்பவரின் வேகம் மணிக்கு 19 கி.மீ.யிலிருந்து 12 கி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். முன்னே 50, பின்னே 13 என மாற்றினால் தொலைவு 5.1 மீட்டராக உயரும். பின் பற்சக்கரத்தை மேலும் சிறிதாக்குவது கவர்ச்சியான வழியாகத் தோன்றலாம். எனினும் பற்கள் குறையக் குறைய ஒவ்வொரு பல்லின் சுமையும் தேய்மானமும் கூடுகின்றன.

கியர் வகை

சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றிற்குத் தள்ளும் டிரெய்லர் வகை எடை குறைந்தது. ஆனால் சிறிய சக்கரத்தில் அதன் கை தரைக்கு மிக அருகில் தொங்குவதால் எளிதில் அடிபடும். சக்கரத்தின் குடத்திற்குள்ளேயே (ஹப்) கியர்கள் அமைந்த வகை சற்றுக் கனமானது. ஆயினும் மடிக்கும்போது இடையூறு செய்யாது. நின்ற நிலையிலும் கியர் மாற்றலாம் என்பது நகரச் சாலைகளில் பெரிய வசதி.

ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் 'ஏ.டபிள்யூ.' எனும் மூன்று கியர் குடம் நேர் விகிதத்தை 75%, 100%, 133% என மாற்றித் தரும். மேற்கண்ட 50/13 அமைப்பில் இவை முறையே 3.8, 5.1, 6.8 மீட்டர் ஆகும். மேட்டுப் பாங்கான ஊரில் இருப்பவர் 44 பற்கள் கொண்ட முன் பற்சக்கரத்தை இட்டால் 3.4, 4.5, 6.0 மீட்டர் கிடைக்கும். மிக உயர்ந்த கியரை இழப்பது பெரும்பாலோருக்கு இழப்பே அன்று.

இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் வடிவமைத்த பிராம்ப்டன் மிதிவண்டியின் ஆறு கியர் வகை இரு முறைகளையும் இணைக்கிறது. 64%, 100%, 157% எனும் அகன்ற விகிதக் குடத்துடன் 13, 16 பற்கள் கொண்ட இரு பின் பற்சக்கரங்கள் உள்ளன. இதனால் மிக உயர்ந்த கியர் மிகத் தாழ்ந்ததைப் போல் மூன்று மடங்காகிறது.

உறுப்புகளின் பொருத்தம்

பிராம்ப்டனில் பின்சக்கரம் சட்டகத்தின் அடியில் மடிகிறது. அப்போது தொய்யும் சங்கிலியை விற்சுருள் கொண்ட கை ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே அக்கை இல்லாமல் இவ்வண்டிக்குக் கியர் அமைக்க இயலாது. பின் கவையின் அகலமும் சுமார் 112 மி.மீ. மட்டுமே என்பதால், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அகன்ற குடங்கள் பொருந்தா.

டயர் வாங்குவோர் அங்குல அளவை மட்டும் நம்பலாகாது. 16 அங்குலம் என்ற பெயரில் 305 மி.மீ., 349 மி.மீ. விட்டமுள்ள இருவகை விளிம்புகளும், 20 அங்குலம் என்ற பெயரில் 406 மி.மீ., 451 மி.மீ. விளிம்புகளும் உள்ளன. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. பிராம்ப்டனுடையது 349 மி.மீ. ஆகும். டயரின் பக்கவாட்டில் 35-349 என்பது போல் அச்சிடப்பட்டிருக்கும் எண்களில் முதலாவது டயரின் அகலத்தையும், இரண்டாவது விளிம்பின் விட்டத்தையும் குறிக்கும்.