மாட் டால்பட்

மாட் டால்பட் (2 மே 1856 – 7 சூன் 1925) அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு தவவாழ்வு வாழ்ந்த கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்கப் பழகினார். குடிப்பதற்காக, தெருவில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் வயலினையும் திருடினார்.

1884-இல் ஒருநாள் கையில் காசின்றி மதுக்கடை அருகே நின்றார். அவரிடம் முன்பு குடித்த நண்பர் எவரும் அவரை அழைக்கவில்லை. அன்றே குரு ஒருவரிடம் சென்று, மூன்று மாதங்கள் குடிப்பதில்லை என உறுதிமொழி எடுத்தார். அதை ஆறு மாதங்களுக்கும், பின்னர் வாழ்நாளுக்கும் நீட்டித்தார். தம் மனவலிமையை நம்பாமல், நாள்தோறும் அதிகாலைத் திருப்பலியில் இறையருளை வேண்டினார். வெளியே செல்கையில் பணம் கொண்டுசெல்வதைத் தவிர்த்தார். பழைய கடன்களை அடைத்தார். வயலின்காரரைத் தேடியும் கிடைக்காததால், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

மரக்கிடங்கில் உழைத்து, வருவாயில் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் மறைப்பணிக்கும் கொடுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மதுவைத் தொடாத அவர், திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். தவத்திற்காக அவர் அணிந்திருந்த சங்கிலிகள் அப்போதுதான் பிறருக்குத் தெரியவந்தன.

1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார். டப்ளின் லூர்து அன்னை ஆலயத்திலுள்ள அவரது கல்லறையில், குடியிலிருந்து மீள விரும்புவோரும் அவர்களின் குடும்பத்தாரும் வேண்டிக்கொள்கின்றனர்.